பிழையை அளந்து சொல்வது

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் தோராயம். கணிதத்திலும் இயற்பியலிலும் கணினி அறிவியலிலும் சரியான விடைக்குப் பதிலாக நெருங்கிய விடையைக் கண்டு வேலை செய்கிறார்களே, அந்த முறைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தோராயம் என்றால் நம்மில் பலருக்கு ஓர் இளப்பம் இருக்கிறது. முடியாதவன் செய்வது, அவசரத்துக்குச் செய்வது, குத்துமதிப்பு என்று நினைக்கிறோம். நான் சொல்ல வந்தது இதற்கு நேர்மாறானது. தன் பிழை எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லும் தோராயம் முழுமையான அறிவு. பிழையைச் சொல்லாத விடை, எத்தனை தசம இடத்துக்கு நீண்டாலும், அறிவு ஆகாது. இந்த ஒரு கருத்தைத்தான் இன்று வெவ்வேறு சான்றுகளைக் காட்டி உங்கள் முன் நிறுவப் பார்க்கிறேன்.

முதலில் நம் வீட்டுக்குள்ளிருந்தே ஒரு சான்று. போதையனார் என்பவர் பெயரில் நம்மிடையே ஒரு விதி சுற்றி வருகிறது. செங்கோண முக்கோணத்தின் பெரிய பக்கத்தை எட்டுப் பங்காக்கி அதில் ஒரு பங்கைக் கழி, சின்னப் பக்கத்தில் பாதியை அதோடு கூட்டு, கர்ணம் கிடைத்துவிடும். வர்க்கம் வேண்டாம், வர்க்கமூலம் வேண்டாம். போட்டுப் பாருங்கள். பக்கங்கள் 4, 3 என்றால் நான்கில் அரையைக் கழித்து மூன்றரை, அதோடு ஒன்றரை, ஆக 5. மிகச் சரி. பக்கங்கள் 12, 5 என்றால் பத்தரையும் இரண்டரையும் 13. இதுவும் மிகச் சரி. உடனே, பைத்தாகரஸை நம் முன்னோர் மிஞ்சிவிட்டார்கள் என்று செய்தி பரப்புகிறார்கள். இன்னும் இரண்டு கணக்குப் போடுவோம். இரண்டு பக்கமும் 10 என்றால் விதி தருவது 13.75, உண்மை 14.14. பெரிய பக்கம் 100, சின்னப் பக்கம் 1 என்றால் விதி தருவது 88. முக்கோணத்தின் மிக நீளமான பக்கம், அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டிய பக்கத்தைக் காட்டிலும் பன்னிரண்டு அளவு குட்டையாகிவிட்டது! அப்படியானால் இந்த விதி பயனற்றதா? இல்லை. சின்னப் பக்கம் பெரிய பக்கத்தில் நூற்றுக்கு 35 முதல் 85 வரை இருக்கும்போது இந்த விதியின் பிழை ஒரு சதவீதத்தைத் தாண்டுவதில்லை. கூரை வேலைக்கு மரம் அறுப்பவருக்கு இதைவிடச் சுருக்கமான விதி கிடைப்பது அரிது. 35 முதல் 85 வரை, பிழை ஒரு சதவீதம் என்ற அந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொன்னால் இது அருமையான தோராயம். அந்த வரியை விட்டுவிட்டு எல்லா முக்கோணத்துக்கும் பொருந்தும் என்று சொன்னால் இது பொய். விதி ஒன்றேதான். பிழையின் எல்லை தெரிந்திருக்கிறதா இல்லையா என்பதுதான் அதை மெய்யாக்குகிறது அல்லது பொய்யாக்குகிறது.

இந்த எல்லையைக் கட்டும் வேலையை மிகத் தெளிவாகச் செய்து காட்டியவர் ஆர்க்கிமிடீஸ். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டு. வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல எத்தனை மடங்கு? வட்டத்துக்கு உள்ளே ஓர் அறுகோணம் வரைந்தார், வெளியே ஓர் அறுகோணம் வரைந்தார். உள்ளே இருப்பதன் சுற்றளவு வட்டத்தைவிடக் குறைவு, வெளியே இருப்பது வட்டத்தைவிட அதிகம். பக்கங்களை இரட்டித்தார்: 12, 24, 48, கடைசியில் 96. உண்மையான மடங்கு மூன்றும் எழுபத்தொன்றில் பத்தும் என்பதைவிடப் பெரியது, மூன்றும் ஏழில் ஒன்றும் என்பதைவிடச் சிறியது என்று முடித்தார். இந்த மேல் எல்லைதான் நாம் பள்ளியில் படித்த 22/7. ஆர்க்கிமிடீஸ் அதை விடை என்று சொல்லவில்லை, உண்மை இதற்குக் கீழே இருக்கிறது என்று நிரூபித்தார். நாமோ கீழ் எல்லையை எறிந்துவிட்டு, நிரூபணத்தையும் எறிந்துவிட்டு, சமக்குறி ஒன்றைப் போட்டு, பை என்பது 22/7 என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்கு அந்தச் சமக்குறியால் வரும் வித்தியாசம் ஒன்றேகால் மீட்டர். வித்தியாசம் சின்னதுதான். ஆனால் அது எவ்வளவு என்று தெரிந்து சின்னது என்பது ஒன்று, தெரியாமலே சின்னதாக இருக்கும் என்று நம்புவது வேறொன்று.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். கணிதம் துல்லியத்தின் கோயில் ஆயிற்றே, சரியான விடை இருக்கும்போது நெருங்கிய விடை எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சரியான விடை எத்தனை இடங்களில் இருக்கிறது? பையைப் பின்னமாக எழுதவே முடியாது என்று 1761இல் லாம்பெர்ட் நிரூபித்தார். முழு எண்களைக் கெழுக்களாகக் கொண்ட எந்தப் பல்லுறுப்புக்கோவைக்கும் அது தீர்வாக வராது என்று 1882இல் லிண்டெமான் நிரூபித்தார். ஐந்தாம் படிச் சமன்பாடுகளுக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலம் காணல் ஆகியவற்றால் ஆன பொதுச் சூத்திரம் இல்லை என்று 1824இல் ஆபெல் காட்டினார். சூரியன், பூமி, நிலவு என்று மூன்று பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்தால் அவற்றின் பாதையைக் காட்ட எளிய சூத்திரம் கிடையாது. வர்க்கமூலம் இரண்டு என்று எழுதினால் அது துல்லியமான விடைதானே என்பீர்கள். அது ஒரு பெயர். ஒரு தச்சர் அந்த நீளத்துக்குப் பலகை கேட்டால் 1.414 என்றோ 1.41421 என்றோதான் சொல்ல வேண்டும். எத்தனை இலக்கம் போதும் என்பதையும் சொல்ல வேண்டும். துல்லியமான எண்விடை கிடைக்கும் கணக்குகள் விதிவிலக்குகள். பாடப்புத்தகம் அந்த விதிவிலக்குகளை மட்டுமே பொறுக்கி அடுக்கியிருப்பதால் நமக்கு அவையே கணிதம் என்று தோன்றிவிட்டது.

அடுத்து, தோராயக் கலையின் உச்சங்களில் ஒன்று என்று நான் கருதும் ஒரு படைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பதினான்காம் நூற்றாண்டுக் கேரளம். சங்கமகிராமத்து மாதவர். ஒன்று, கழித்தல் மூன்றில் ஒன்று, கூட்டல் ஐந்தில் ஒன்று, கழித்தல் ஏழில் ஒன்று என்று முடிவில்லாமல் போகும் தொடரின் கூட்டுத்தொகை பையில் கால் பங்கு என்பது அவர் கண்டது. ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் இதே தொடரை எட்டியது 1670களில். அழகான தொடர்தான், ஆனால் நடைமுறையில் ஆமை வேகம். பத்து உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினால் 3.0418 வருகிறது. முதல் தசம இடமே தவறு. இன்னும் ஆயிரம் உறுப்பைக் கூட்டினாலும் மூன்றாம் தசம இடத்தில் சந்தேகம் தீராது. சாதாரண ஆள் இந்த இடத்தில் தொடரைக் கைவிட்டிருப்பார். மாதவரின் மரபு என்ன செய்தது தெரியுமா? கூட்டலை நிறுத்திய இடத்தில் எவ்வளவு விடுபட்டது என்று கேட்டது. பிழையையே ஆராய்ச்சிப் பொருளாக்கியது. அதுவரை கூட்டிய உறுப்புகளின் எண்ணிக்கையை வைத்து விடுபட்ட பகுதிக்கு ஒரு மதிப்பைக் கண்டது. அந்த மதிப்பிலும் என்ன குறை என்று பார்த்து இன்னொன்றைக் கண்டது. அதையும் திருத்தி மூன்றாவது ஒன்றைக் கண்டது.

இதன் பலனைப் பாருங்கள். அதே பத்து உறுப்புகள்தான். முதல் திருத்தம் எண்ணிக்கையின் நான்கு மடங்கால் ஒன்றை வகுப்பது, அதாவது நாற்பதில் ஒன்று. அதைத் தொடரோடு சேர்த்து நான்கால் பெருக்கினால் 3.04 என்றிருந்தது 3.1418 ஆகிறது. இரண்டாம் திருத்தம் 401இல் பத்து. அதை வைத்தால் 3.14159 வரை சரியாக வருகிறது. மூன்றாம் திருத்தம் 4050இல் 101. அதை வைத்தால் 3.1415927 கிடைக்கிறது. பிழை இரண்டு கோடியில் ஒன்று. திருத்தம் இல்லாமல் வெறும் தொடரைக் கூட்டி இந்த நெருக்கத்தை எட்ட ஏறக்குறைய இரண்டு கோடி உறுப்புகள் வேண்டும். பத்து உறுப்பு எங்கே, இரண்டு கோடி உறுப்பு எங்கே! இந்தத் திருத்தங்களை எப்படி அடைவது என்ற விளக்கம் ஏறத்தாழ 1530இல் ஜ்யேஷ்டதேவர் மலையாள உரைநடையில் எழுதிய யுக்திபாஷையில் இருக்கிறது. தொள்ளாயிரம் கோடியைப் போல நூறு மடங்கு விட்டமுள்ள வட்டத்துக்குச் சுற்றளவு 28,27,43,33,88,233 என்றொரு மதிப்பும் மாதவர் பெயரில் வழங்குகிறது. வகுத்துப் பாருங்கள், பை பதினோரு தசம இடத்துக்குச் சரியாக வரும். முடிவில்லாத தொடரைக் கண்டது பெரிய சாதனைதான். விடுபட்டதை அளந்தது அதைவிடப் பெரிய சாதனை என்பது என் துணிபு.

மாதவரிடமிருந்து நம் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவரிடம் வருவோம். ராமானுஜனும் கணிதர் ஹார்டியும் 1918இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, நெருங்கிய விடையும் துல்லியமான விடையும் பகையாளிகள் என்ற எண்ணத்தை அடியோடு தகர்த்தது. கேள்வி எளியது. ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம்? நான்கை நான்காகவே வைக்கலாம். மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கு ஒன்றுகள் என்றும் பிரிக்கலாம். ஆக ஐந்து விதம். பத்துக்கு 42 விதம். நூறுக்கு 19,05,69,292 விதம். இருநூறுக்கு? மெக்மஹன் என்ற கணிதர் ஒவ்வோர் எண்ணாக ஏறிவந்து கையால் கணக்கிட்டு 39,72,99,90,29,388 என்று கண்டார். ஏறத்தாழ நான்கு லட்சம் கோடி. ராமானுஜனும் ஹார்டியும் வேறு பாதையில் போனார்கள். அவர்களுடைய சூத்திரத்தில் பையும் வர்க்கமூலங்களும் அடுக்குக்குறிச் சார்புகளும் நிறைந்திருக்கின்றன. முழு எண்ணைத் தரும் தோற்றமே அதற்கு இல்லை. 200க்கு அதன் முதல் உறுப்பு தரும் எண் 39,72,99,89,93,185.896. உண்மைக்கும் இதற்கும் வித்தியாசம் முப்பத்தாறாயிரத்துச் சொச்சம். பதினோரு கோடியில் ஒரு பங்குதான் பிழை. இத்தோடு நிறுத்தியிருந்தாலே மெச்சியிருப்போம். அவர்கள் நிறுத்தவில்லை. இரண்டாம் உறுப்பு 36,282.978. மூன்றாவது கழித்தல் 87.555. பிறகு 5.147. பிறகு 1.424. இப்படி எட்டு உறுப்புகளைக் கூட்டியதும் வந்து நின்ற எண் 39,72,99,90,29,388.004.

இந்த .004ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாம் தேடுவது முழு எண். பிழை அரைக்கும் குறைவு என்று உறுதிப்பட்டுவிட்டால் போதும், பக்கத்தில் இருக்கும் முழு எண்தான் விடை. அதில் ஐயத்துக்கே இடமில்லை. தோராயம் துல்லியத்துக்குள் காலடி எடுத்து வைத்துவிட்டது! மெக்மஹனின் பட்டியலும் ராமானுஜன், ஹார்டி சூத்திரமும் ஒத்துப்போயின. 1937இல் ராடெமாக்கர் அந்தச் சூத்திரத்தைச் சற்றே மாற்றி, குவிகின்ற தொடராக, துல்லியமான சூத்திரமாகவே ஆக்கிவிட்டார். நெருங்கிப் போவது விடையை விட்டுக்கொடுப்பது என்று இன்னும் யாராவது சொன்னால், இந்த .004ஐ அவர்களுக்கு எடுத்துக்காட்டுங்கள்.

கணிதத்தை விட்டு வானத்துக்குப் போவோம். கோள்கள் சூரியனை மட்டும் சுற்றுவதில்லை, ஒன்றையொன்று இழுக்கவும் செய்கின்றன. முதலில் சூரியனின் ஈர்ப்பை மட்டும் வைத்து ஒரு நீள்வட்டப் பாதையைப் போடுவார்கள். பிறகு வியாழன் இழுப்பதால் எவ்வளவு விலகல், சனி இழுப்பதால் எவ்வளவு விலகல் என்று சிறு திருத்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். யுரேனஸ் கோளுக்கு இப்படி எல்லாத் திருத்தமும் போட்ட பிறகும் கணக்கும் வானமும் ஒத்துவரவில்லை. அந்த மிச்சத்தைப் பிரான்சின் லெ வெரியே எடுத்துக்கொண்டு, கண்ணுக்குப் படாத வேறொரு கோள் இழுக்கிறது, அது வானத்தில் இன்ன இடத்தில் இருக்கும் என்று எழுதி அனுப்பினார். 1846 செப்டம்பர் 23ஆம் நாள் இரவு பெர்லின் வானாய்வகத்தில் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது.

அதே லெ வெரியே 1859இல் புதன் கோளைப் பற்றி இன்னொரு மிச்சத்தை அறிவித்தார். புதனின் பாதை மெல்ல மெல்லத் திரும்புகிறது. மற்றக் கோள்கள் இழுப்பதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும், நூற்றாண்டுக்கு ஒரு மிகச் சிறு திருப்பம் மிச்சம் நிற்கிறது. பின்னால் திருத்திய கணக்கில் அது 43 விகலை. ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு விகலை. அப்படி 43, அதுவும் நூறு ஆண்டுக்கு! கணக்கே தோராயம், இந்தத் துக்கடா அந்தத் தோராயத்தின் பிழையாக இருக்கும் என்று யாராவது தள்ளிவிட்டிருக்கலாமே? தள்ள முடியவில்லை. ஏன்? தம் கணக்கின் பிழை இதைவிடச் சிறியது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சூரியனுக்கு அருகே இன்னொரு கோளைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தம் புதிய ஈர்ப்புக் கொள்கையிலிருந்து கணக்குப் போட்டார். 43 விகலை தானாக வந்து விழுந்தது. நியூட்டனின் ஈர்ப்பு விதியே ஒரு தோராயம் என்பதும், அந்தத் தோராயம் எங்கே எவ்வளவு தவறும் என்பதும் அன்று தெரியவந்தது. தம் பிழையின் எல்லையை அறியாதவர்களாக இருந்திருந்தால் அந்த 43 விகலை குப்பையில் போயிருக்கும். அவர்கள் வைத்திருந்தது பிழையளந்த தோராயம். ஆகவேதான் கண்டுபிடிப்பு கண்ணில் பட்டது. இயற்பியலில் இதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. எலெக்ட்ரானின் காந்தத் தன்மைக்கு 1948இல் ஷ்விங்கர் போட்ட முதல் திருத்தம் 0.00116. அதற்குப் பிறகு திருத்தத்தின் மேல் திருத்தமாகக் கணக்கிட்டு, கொள்கையும் சோதனையும் பத்து இலக்கத்துக்கு மேல் ஒத்துப்போகின்றன. ஆனால் அந்தத் தொடரை முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் அது எந்த எண்ணிலும் நிற்காமல் விரிந்துவிடும் என்பதற்கு 1952இல் டைசன் காரணம் காட்டினார். எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிவதும் இந்தக் கலையின் பகுதி.

இனி அடுத்த எதிர்வாதத்துக்கு வருகிறேன். இதெல்லாம் கணினிக்கு முந்திய காலக் கதை, இன்று நொடிக்குக் கோடிக்கணக்கில் கணக்குப் போடும் இயந்திரங்கள் வந்துவிட்டன, இனி தோராயம் எதற்கு என்கிறார்கள். நண்பர்களே, கணினியே தோராயத்தின்மேல் நிற்கும் கருவி. நமக்குப் பத்தில் ஒன்று என்பது 0.1, எளிய எண். பூஜ்யத்தையும் ஒன்றையும் மட்டும் வைத்து எழுதும் இரும எண்முறையில் பத்தில் ஒன்று முடிவில்லாமல் நீள்கிறது, நாம் மூன்றில் ஒன்றை எழுதினால் நீள்வதைப் போலவே. எங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டிய இடத்தில் ஒரு பிழை. அந்தப் பிழைக்கு என்ன விலை? 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு பேட்ரியட் ஏவுகணைத் தற்காப்பு அமைப்பு நூறு மணிநேரமாக நிறுத்தாமல் இயங்கிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரம் பத்தில் ஒரு நொடியை ஒன்று இரண்டு என்று எண்ணிவந்தது. எண்ணிக்கையைப் பத்தில் ஒன்றால் பெருக்கி நொடியாக்குவார்கள். அந்தப் பத்தில் ஒன்று 24 இலக்கத்தில் வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் பிழை 0.000000095. ஒரு கோடியில் ஒன்றுக்கும் குறைவு. நூறு மணிநேரத்தில் பத்தில் ஒரு நொடிகள் 36 லட்சம். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 0.34 நொடி. மூன்றில் ஒரு நொடியில் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்துவிடும். அமைப்பு தவறான இடத்தில் தேடியது, ஏவுகணையைக் காணவில்லை, அது அமெரிக்கப் படையினரின் குடியிருப்பில் விழுந்து 28 பேர் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள்தான் அங்கே வந்து சேர்ந்தது.

பார்த்தீர்களா, தோராயம் உயிரைக் குடித்தது என்று சொல்லத் தோன்றும். பத்தில் ஒன்றை வெட்டியது குற்றமா? எத்தனை இலக்கம் வைத்தாலும் வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டிய துணுக்கு நூறு மணிநேரத்தில் எவ்வளவாகத் திரளும் என்று கேட்காததுதான் குற்றம். இதே 1991 ஆகஸ்ட் 23ஆம் நாள் நார்வே நாட்டில் ஸ்லைப்னர் என்ற எண்ணெய்க் கிணற்று மேடையின் கான்கிரீட் அடித்தளம் கடலில் மூழ்கியது. அதன் சுவர்களை வடிவமைத்தவர்கள், சுவரைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் அழுத்தத்தைக் கணக்கிடும் தோராய முறையைப் பயன்படுத்தினார்கள். நல்ல முறைதான், உலகெங்கும் பாலமும் விமானமும் அதை நம்பித்தான் கட்டப்படுகின்றன. ஆனால் துண்டுகள் பெரியவை. முக்கியமான இடத்தில் வெட்டுவிசையை 47 சதவீதம் குறைத்துக் காட்டிவிட்டது கணக்கு. சுவர் மெலிந்துபோயிற்று. விபத்துக்குப் பிறகு, அதே வகை முறையை இன்னும் நுண்ணிய துண்டுகளோடு போட்டுப் பார்த்தார்கள். 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில்! மேடையை மூழ்கடித்ததும் தோராயம், அது எந்த ஆழத்தில் உடையும் என்று மூன்று மீட்டருக்குள் சொன்னதும் தோராயம். நடுவில் இருக்கும் வேறுபாடு, பிழையைச் சோதித்தார்களா இல்லையா என்பது மட்டும்தான்.

கணினி எவ்வளவு வேகமானாலும் தீராத இன்னொரு வகைக் கணக்கும் இருக்கிறது. ஒரு சரக்கு வண்டி, புறப்படும் ஊரையும் சேர்த்து 25 ஊர்களுக்குப் போய்விட்டுப் புறப்பட்ட ஊருக்கே திரும்ப வேண்டும். மிகக் குறைந்த தூரமுள்ள வழி எது? ஒவ்வொரு வழியாக எழுதிப் பார்க்கலாம் என்றால், நொடிக்கு நூறு கோடி வழியைச் சோதிக்கும் இயந்திரத்துக்கும் 98 லட்சம் ஆண்டுகள் ஆகும். இதைவிடச் சாமர்த்தியமான முறைகள் உண்டு; ஆனாலும் ஊர்கள் பெருகப் பெருக எல்லாச் சந்தர்ப்பத்திலும் விரைவாகச் சரியான விடை தரும் முறை எதுவும் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. என்ன செய்வது? இங்கேதான் கணினி அறிவியலின் மிக அழகான சிந்தனை ஒன்று பிறந்தது. விடை தெரியாமலேயே, விடையிலிருந்து நான் இவ்வளவு தூரத்துக்குள் இருக்கிறேன் என்று உறுதிகூற முடியும்! எப்படி? எல்லா ஊர்களையும் இணைக்கும்படி, வளையம் எங்கும் வராமல், மொத்த நீளம் மிகக் குறைவாக இருக்கும் சாலைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். இதை விரைவாகச் செய்யலாம். இப்போது நமக்குத் தெரியாத அந்தச் சிறந்த வழியை மனத்தில் வையுங்கள். அதில் ஒரு சாலையை எடுத்துவிட்டால் மிஞ்சுவதும் எல்லா ஊரையும் இணைத்துக்கொண்டுதான் இருக்கும். ஆகவே நாம் தேர்ந்த சாலைகளின் நீளம் சிறந்த வழியின் நீளத்தை மிஞ்சாது. நம் சாலைகளில் ஒவ்வொன்றையும் போகவும் வரவும் இரண்டு முறை கடந்தால் எல்லா ஊரையும் பார்த்துத் திரும்பிவிடலாம். ஏற்கெனவே பார்த்த ஊரை விட்டு நேரே அடுத்த ஊருக்குப் போனால் தூரம் இன்னும் குறையும். ஆக நம் வழி, சிறந்த வழியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஒருநாளும் போகாது. அந்தச் சிறந்த வழியை நாம் பார்த்ததே இல்லை. ஆனாலும் உறுதி கூறிவிட்டோம்.

இந்த இரண்டு மடங்கை ஒன்றரை மடங்காக 1976இல் குறைத்தார் கிறிஸ்டோஃபிடிஸ். 2020இல் மூன்று ஆய்வாளர்கள் அதை மேலும் குறைத்தார்கள். எவ்வளவு? தசமப் புள்ளிக்குப் பின் முப்பத்தைந்து பூஜ்யம் போட்டு ஒன்று எழுதும் அளவு. அதனால் எந்த லாரிக்கும் எரிபொருள் மிச்சமாகாது. ஒன்றரை என்பது கடைசிச் சுவர் இல்லை என்று தெரிந்ததே, அதுதான் அதன் மதிப்பு. சில கணக்குகளுக்கோ கடைசிச் சுவர் எங்கே என்பதே நிரூபணமாகியிருக்கிறது. மூன்று தெரிவுகளில் ஒன்றாவது நிறைவேறினால் போதும் என்ற வகை நிபந்தனைகள் ஏராளமாக இருந்தால், நாணயத்தைச் சுண்டி முடிவெடுத்தாலே சராசரியாக எட்டில் ஏழு பங்கு நிறைவேறிவிடும். அதைவிடச் சிறிது கூடுதலாக எப்போதும் நிறைவேற்ற உறுதிதருவது, துல்லியமான விடை காண்பதைப் போலவே கடினம் என்று 1997இல் ஹோஸ்டாட் காட்டினார். இப்படிப்பட்ட முடிவுகளுக்கு வழிதிறந்த 1992ஆம் ஆண்டுத் தேற்றத்தை நிறுவிய ஐவரில் ஒருவர், சென்னையில் பிறந்த மது சூடான். நெருங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையையும் அளக்கலாம் என்று காட்டியது இந்தத் தலைமுறை.

இவ்வளவு சொன்ன பிறகு, இன்று எல்லோர் வாயிலும் இருக்கும் செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சொல்லாமல் போவது முறையல்ல. அதுவும் ஒரு தோராய முறைதான். ஒரு வரம்புக்குள் தொடர்ச்சியான எந்தச் சார்பையும் நரம்பு வலைப்பின்னலால் வேண்டிய அளவுக்கு நெருங்க முடியும் என்று 1989இல் சைபெங்கோ நிரூபித்தார். நெருங்க முடியும் என்பது வேறு, இதோ என் முன் இருக்கும் இந்த வலைப்பின்னல் இந்தக் கேள்விக்கு இவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பது வேறு. முதலாவதற்கு நிரூபணம் இருக்கிறது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் இல்லை. ஊடுகதிர்ப் படத்தைப் பார்த்து நோய் என்றும், விண்ணப்பத்தைப் பார்த்துக் கடன் இல்லை என்றும் அது சொல்லும்போது, பிழையின் எல்லை கூடவே வருகிறதா? வராவிட்டால், பக்கங்கள் 100, 1 என்ற முக்கோணத்துக்கும் போதையனார் விதியை நீட்டிய நிலையில்தான் நாம் நிற்கிறோம். இவ்வகைக் கருவிகளை வெறுக்கச் சொல்லவில்லை. மாதவரின் மரபு ஒரு மந்தமான தொடரை எறிந்துவிடாமல் அதன் பிழையை ஆராய்ந்தது. இந்தக் கருவிகளுக்கும் இன்று வேண்டியிருப்பது அப்படிப்பட்ட உழைப்பு.

மக்களுக்கு இந்தப் பிழையெல்லாம் புரியாது, அவர்களுக்கு ஒரே விடை வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். இதுதான் நான் ஏற்கவே முடியாத எதிர்வாதம். வங்கக் கடலில் புயல் உருவானால் இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் வரைபடத்தைப் பாருங்கள். புயலின் பாதை ஒரு கோடாக இருக்கும்; அந்தக் கோட்டைச் சுற்றி, போகப்போக விரியும் கூம்பு ஒன்றும் இருக்கும். அந்தக் கூம்புதான் பிழையின் எல்லை. புயலின் மையம் அந்தக் கூம்புக்குள் எங்கும் போகலாம் என்று அறிவியல் நேர்மையாகச் சொல்கிறது. கோட்டை மட்டும் பார்த்தவர், கரை கடப்பது பக்கத்து மாவட்டம், நமக்கில்லை என்று படகைக் கரையில் கட்டாமல் விட்டுவிடுவார். கூம்பைப் பார்த்தவர் கட்டிவைப்பார். கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் இருக்கும் மீனவருக்கு இது புரியாது என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? காற்றையும் கடலையும் நாள்தோறும் மதிப்பிட்டு வாழ்பவர்கள் அவர்கள்.

ஆகவே இந்த அவையில் இரண்டு வேண்டுகோள்களை வைத்து அமர்கிறேன். ஆசிரியர்களே, விடைத்தாளில் மாணவர் ஒரு தோராய விடையை எழுதி, அதன் பிழை இவ்வளவுக்கு மேல் போகாது என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அந்த ஒரு வரிக்கும் மதிப்பெண் கொடுங்கள். செய்தித்தாள், தொலைக்காட்சி நண்பர்களே, அடுத்த முறை புயல் வரும்போது கோட்டை மட்டும் எடுத்துப் போடாதீர்கள், கூம்பையும் போடுங்கள்.